பொலிஸில் பாடிய புலம்பல்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் எங்கள் டவுன் கோயிலுக்குப் புதிதாக ஒரு பாதர் வந்தார். ரோமில் படித்தவர், ஜெருசலேமிலும் ஒரு வருடம் இருந்தவர் என்று சொன்னார்கள். நான் அப்போது திம்புள்ளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்துகொண்டிருந்தேன். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. நாள் முழுக்கக் குழந்தைகளைத் தூங்க வைத்துத் தூங்க வைத்தே என் குரல் பழகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடகர் குழுவில் பாடுவேன். எனக்கு நல்ல குரல். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பாதர் ஜெருசலேமிலிருந்து ஒரு கசட் கொண்டுவந்திருந்தார். அங்கே ஒரு யூதக் கிழவர், தன் வீட்டுக் குசினியில் உட்கார்ந்து அவருக்காகப் பாடிக் கொடுத்தது. தங்கள் நகரமும் கோயிலும் இடிந்துபோன நாளை நினைத்து வருடத்தில் ஒரு தரம் யூதர்கள் விளக்கைக் குறைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து பாடுகிற புலம்பல் அது. பாதர் அதை எங்களுக்குப் போட்டுக் காட்டினார். கிழவர் பாடுகிறாரா, பேசுகிறாரா என்றே எங்களுக்குப் பிடிபடவில்லை. தாளம் இல்லை. ஒரு வரி ஏறும், நிற்கும், பிறகு படிக்கட்டில் கால் தடுக்கியது போல இறங்கும்.

அவர்களுடைய வேதப் புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் மேலேயோ கீழேயோ சின்னக் குறிகள் இருக்குமாம். ஒரு கொக்கி, இரண்டு புள்ளி, சாய்ந்த கோடு. ஒவ்வொரு குறியும் ஒரு சிறிய இசைத் துண்டு. இந்தச் சொல்லில் நில், இதை அடுத்ததோடு சேர், இங்கே இறங்கு என்று அது சொல்லும். பொருள் எங்கே நிற்கிறதோ அங்கேதான் பாட்டும் நிற்கும். பாதர் எங்கள் சனத்துக்காக ஒரு புதுப் புலம்பல் எழுதியிருந்தார். பெரிய வெள்ளி மாலை வழிபாட்டில், இயேசுவின் பாடுகளின் வாசகம் முடிந்ததும் அதைப் பாட வேண்டும், அதுவும் அந்தக் கிழவருடைய முறையில் பாட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அவர் எழுதியது, எங்கள் பாட்டன் பூட்டன்மார் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கி, காட்டு வழியே இந்த மலைக்கு நடந்து வந்த கதை. சில வரிகள் இன்னும் எனக்கு மனப்பாடம்.

மழை நின்ற பின்னும் வழி நனைந்து கிடந்தது.
விழுந்தவர்களைத் தூக்க எவரும் திரும்பவில்லை.
பிள்ளையைக் குழியில் வைத்தவள் அழாமல் நடந்தாள்;
அழுதால் கூட்டம் அவளை விட்டுப் போய்விடும்.

இசை அமைக்கிற வேலையைப் பாதர் ஒரு மாஸ்டரிடம் கொடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், டவுன் பாடசாலையில் சங்கீதம் படிப்பித்தவர். கடை ஒன்றின் மேல்மாடியில் வாடகை அறையில் தனியாக இருந்தார். நாங்கள் அவரை சேர் என்று கூப்பிடுவோம். அவர் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. கசட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, எந்தக் குறிக்கு எந்த இசை என்று பாதரிடம் விசாரித்து, ஒவ்வொன்றாக எழுதி எடுத்தார். முதலில் அதை அப்படியே பாதருடைய வரிகளின் மேல் வைத்துப் பாடிக் காட்டினார். கேட்க அசிங்கமாக இருந்தது. அந்த மொழியில் பெரும்பாலும் சொல்லின் கடைசியில்தான் அழுத்தம் விழுமாம். தமிழில் அப்படி இல்லை. கடைசி எழுத்தைத் தூக்கிப் பாடினால், சந்தையில் கோவா, கரட் விற்கிறவன் கூவுவது போல இருந்தது. நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு வந்தார். ஏற்றத்தைச் சொல்லின் முதல் எழுத்துக்குக் கொண்டுவந்து, மீதியை ஒரே சுருதியில் ஓடவிட்டு, வரியின் கடைசி வினைச்சொல்லில் மட்டும் கிழவருடைய அந்தத் தடுக்கி விழுகிற இறக்கத்தை வைத்திருந்தார். அதை அவர் பாடிக் காட்டியபோது என் கையில் மயிர் குத்திட்டு நின்றது.

தமிழ் வரிகளுக்கு மேலே அவரே மையால் குறிகள் போட்டு எங்களுக்குத் தாள்கள் கொடுத்தார். எல்லாரையும் தனித்தனியே பாட வைத்தார். தனிக்குரல் பகுதிக்கு என்னைத்தான் எடுப்பார் என்று எல்லாருக்கும் தெரியும். நான் எழுந்து முதல் வரியைப் பாடினேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"மழை எண்டு சொல்லும்."

சொன்னேன்.

"மளை இல்லை பிள்ளை. மழை."

மறுபடியும் சொன்னேன். நாங்கள் குடியிருக்கிற லயத்தில், அந்த வரிசைக் காம்பராக்களில், ஒருவருக்கும் அந்த எழுத்து வராது. அதில் ஒரு குறை இருக்கிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நாக்கை மடிக்கச் சொன்னார். வாயைத் திறந்து காட்டச் சொன்னார். எல்லாருக்கும் முன்னால், மாட்டுக்குப் பல் பார்ப்பது போல, என் வாய்க்குள் குனிந்து பார்த்தார். மழை, மலை, மளை என்று மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்ல வைத்தார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லாருமே சிரித்தார்கள். கடைசியில் அவர் தாளை மடித்துக்கொண்டு, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் சொன்னார்:

"உங்கட ஆக்களின்ர வாய்க்குள்ள தமிழ் அரைபட்டுத்தான் வெளியில வருது."

தனிக்குரல் தோட்டத்துக் கிளாக்கருடைய மகளுக்குப் போனது. அவள் கண்டியில் விடுதியில் தங்கிப் படித்தவள். அவளுக்கு ழ அழகாக வரும். குரல் மட்டும் மெலிசு, நாலாவது வாங்கில் உட்கார்ந்தவர்களுக்குக் கேட்காது. என்னைக் குழுவிலிருந்து எடுக்கவும் சேருக்கு மனமில்லை, ஏனென்றால் என் குரல் இல்லாவிட்டால் மற்றக் குரல்கள் நிற்காது. அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ழ வருகிற சொல்லுக்கெல்லாம் நான் சத்தம் போடாமல் வாயை மட்டும் அசைக்க வேண்டும். அது பாதர் எழுதிய வரிகளில் சொல்லுக்குச் சொல் வந்தது. மழை, வழி, விழுந்தவர், குழி, அழாமல், அழுதால். பொருள் முழுக்க அந்தச் சொற்களில்தான் இருந்தது. எனக்கு மிஞ்சியது நின்ற பின்னும், நனைந்து கிடந்தது, வைத்தவள், நடந்தாள். பெரிய வெள்ளி வரைக்கும் அந்தத் தவக்காலம் முழுக்க அப்படி ஓட்டை ஓட்டையாகப் பாடிப் பழகினேன். பாதர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெரிய வெள்ளிக்குக் கோயில் நிறைந்திருந்தது. நாங்கள் பாடினோம். எப்போதும் பாடுகளின் பாட்டுக்கு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிற பொம்பளைகள் அன்றைக்குக் கல்லுப் போல உட்கார்ந்திருந்தார்கள். யாருக்காக அழுவது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. வெளியே வரும்போது எங்கள் லயத்துக் கங்காணி, பள்ளிவாசல் பாங்கு மாதிரி இருக்கே, பாதர் கட்சி மாறிட்டாரா என்று கேட்டார். சேர் அதைக் கேட்டுக்கொண்டே படியிறங்கிப் போனார்.

அடுத்த மாதம் கொழும்பில் எங்கேயோ குண்டு வெடித்தது. வெடித்தால் மலையிலும் சுற்றிவளைப்பு நடக்கும். ஒரு காலையில் டவுனில் இருக்கிற யாழ்ப்பாண ஆட்களின் அறைகளை எல்லாம் பொலிஸ் சோதித்தது. யாழ்ப்பாணத்து ஆட்கள் தங்கியிருக்கிற இடத்தைப் பொலிஸில் பதிந்திருக்க வேண்டும்; சேருடைய பதிவு காலாவதியாகியிருந்தது. வீட்டுக்காரன் அதைப் புதுப்பித்திருக்கவில்லை. அறையில் தமிழ் எழுத்துக்கு மேலே கொக்கியும் புள்ளியும் கோடுமாகக் கட்டுக்கட்டாகத் தாள்கள் கிடந்தன. கசட்டைப் போட்டால் யாருக்கும் தெரியாத மொழியில் ஒரு கிழவன் குரல். சேரைக் கொண்டு போனார்கள்.

மறுநாள் பாதர் எங்கள் காம்பரா வாசலுக்கு வந்து நின்றார். அவர் லயத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பொலிஸ் அந்தக் குறிகளை இரகசிய எழுத்து என்று நினைக்கிறது, பாட்டுதான் என்று யாராவது பாடிக் காட்டினால் நம்புவார்கள், தனக்கு அந்தக் குறிகளைப் பார்த்துப் பாட வராது என்றார். கிளாக்கர் வீட்டில் மகளை அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். மற்றப் பிள்ளைகள் வீட்டிலும் அப்படித்தானாம்.

அப்பா அப்போது கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்கு இருந்தார். அம்மாதான் பேசியது.

"ஒன்னய வாய மட்டும் ஆட்டச் சொன்ன ஆளு. அவருக்காக நீ எதுக்குப் போலீஸ்ல போயி நிக்கணும்? ஒனக்கு ஐடென்டி காடுகூட இல்ல."

அம்மா சொன்னது நியாயம். நான் போனது இரக்கத்தினால் அல்ல. சேர் உள்ளே கிடக்கிறார் என்று கேட்டபோது எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது. ஆனால் அந்தப் புலம்பலை ஒரு தரமாவது ஓட்டையில்லாமல் முழுதாகப் பாட வேண்டும் என்று எனக்கு வெறி இருந்தது. அதைத் தடுக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். சேலையை மாற்றிக்கொண்டு பாதருடன் போனேன்.

இன்ஸ்பெக்டர் மரியாதையானவர்தான். பாதருக்கு நாற்காலி கொடுத்தார். நான் நின்றேன். முதலில் கசட்டைப் போட்டு, "மே மொன பாஷாவத?" என்று கேட்டார். சிங்களத்தில், இது என்ன மொழி என்று அர்த்தம். எபிரேயம் என்று பாதர் சொன்னதை அவர் நம்பவில்லை. முஸ்லிம் கான்ஸ்டபிள் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். அவர் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, அரபு இல்லை என்றார்.

பிறகு என்னைப் பாடச் சொன்னார்கள். தாளைப் பார்த்து நான் முதல் வரியிலிருந்து பாடினேன். எந்தச் சொல்லையும் விடவில்லை. மளை என்றுதான் வந்திருக்கும், வளி என்றுதான் வந்திருக்கும். எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அந்தச் சின்ன அறையில் என் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. பிள்ளையைக் குழியில் வைத்தவள் வரியில் நான் அழுதுவிட்டேன், ஆனால் நிறுத்தவில்லை. இன்ஸ்பெக்டர் மூளைசாலி. பாடி முடித்ததும் சொற்களைக் கையால் மறைத்துக்கொண்டு, குறிகளை மட்டும் அங்குமிங்குமாகத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். கொக்கியைத் தொட்டால் கொக்கிக்குரிய இசையைப் பாடினேன். வேறு தாளில் இன்னொரு கொக்கியைத் தொட்டார். அதே இசையைப் பாடினேன். அவர் தலையை ஆட்டினார்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பாட்டுச் சத்தம் கேட்டு மற்றக் கான்ஸ்டபிள்மார் கதவடியில் கூடியிருந்தார்கள். ஒருவன், "தவ எகக் கியன்ன நங்கி" என்றான். தங்கச்சி, இன்னொன்று பாடு. எல்லாரும் சிரித்தார்கள். நான் பாதரைப் பார்த்தேன். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் புலம்பலையே மறுபடியும் தொடங்கினேன். அது வேண்டாம், நல்லதாக ஒன்று பாடு என்றார்கள். சிங்களப் படப் பாட்டு ஒன்று எனக்குத் தெரியும், பஸ்ஸில் கேட்டது. அதைப் பாடினேன். ஒருவன் மேசையில் தாளம் தட்டினான். இன்னொருவன் கையைத் தூக்கி இரண்டு சுற்றுச் சுற்றி ஆடினான். பிறகு ஒரு ஹிந்திப் பாட்டு கேட்டார்கள், அதையும் பாடினேன். இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பின்னால் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இருமல் கேட்டது. அது யாருடைய இருமல் என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் இன்ஸ்பெக்டர் பாதரிடம் சிங்களத்தில் சொன்னார். பாட்டுத்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஆள் யார் என்று பாட்டு எனக்குச் சொல்லாது. பதிவில்லாத யாழ்ப்பாணத்து ஆளை நான் விட முடியாது. அடுத்த நாள் சேரை விசாரணைக்கென்று கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் லயத்துக்குத் திரும்புவதற்கு முன்னமே கதை வந்து சேர்ந்திருந்தது. நான் பாடினேன் என்பது ஒரு கிழமைக்குள் நான் ஆடினேன் என்று ஆனது. இறம்பொடைப் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தொழிற்சாலையில் நிரந்தர வேலை. அவர்கள் ஆள் அனுப்பி, பொலிஸ்காரங்களுக்கு ஆடிப் பாடிய பொண்ணு எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பீலியில் தண்ணி பிடிக்கப் போன இடத்தில் ஒருத்தி, உன் மகளுக்கு அங்க என்ன குடுத்தாங்க என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா குடத்தால் அவளை அடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதே கையால் என்னையும் அடித்தது. பிள்ளைக் காம்பராவில் இரண்டு தாய்மார் தங்கள் பிள்ளைகளை என் கையில் கொடுக்காமல் மற்ற ஆயாவிடம் கொடுக்கத் தொடங்கினார்கள்.

பொலிஸ் கசட்டைத் திருப்பிக் கொடுத்தது. பாதர் அதைப் போட்டுப் பார்த்தாராம். கிழவர் இரண்டு வரி பாடுகிறார், பிறகு டக்கென்று அறுந்து சிங்கள பைலா ஆட்டப்பாட்டு வருகிறது. யாரோ அதன் மேலேயே பதிந்திருந்தார்கள். தாள்கள் திரும்பி வரவேயில்லை.

மழைக்காலம் முடிகிற நேரம் சேர் திரும்பி வந்தார். சாமான்களை எடுத்துக்கொண்டு போவதற்காக. கோயிலில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் அவருடைய புத்தகங்கள் இருந்தன. நான் அன்று பீடத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். ஆள் பாதியாகியிருந்தார். இடது காதில் அடித்ததில் அந்தப் பக்கம் அவருக்குக் கேட்பதில்லை என்று பிறகு தெரிந்தது. என்னைக் கண்டதும் நின்றார்.

"அண்டைக்கு நீர் பாடினது உள்ளுக்குக் கேட்டது," என்றார்.

நான் பூவைக் கீழே வைத்தேன். அவர் அடுத்துச் சொல்லப்போவதற்காக நான் எவ்வளவு காலம் காத்திருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது.

"குழி எண்டது ஒவ்வொரு தரமும் குளி எண்டுதான் வந்தது. பிள்ளையைக் குளிக்க வைச்சவள் எண்டெல்லோ கேக்கிறவனுக்கு அர்த்தமாகும். அந்த வரியையே சாகடிச்சுப்போட்டீர்."

சொல்லிவிட்டு, என் பதிலைக் கேட்பதற்காக வலது காதை என் பக்கம் திருப்பினார். அவர் சொன்னது சரிதான். நான் சரிங்க சேர் என்றேன். அவர் புத்தகங்களை ஒரு உரப்பையில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

அடுத்த தவக்காலத்தில் புலம்பலைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. பாதருக்கு மாற்றல் வந்தது. புதிய பாதர் கீபோர்ட் வாங்கினார். நான் குழுவுக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். பிறகு எனக்கு ஹட்டனில் ஒருவரோடு கல்யாணமானது. அவருக்கு நான் இரண்டாம் தாரம். கல்யாணமான முதல் கிழமையில், பொலிஸுக்குப் பாடினதை எனக்கும் கொஞ்சம் பாடேன் என்று விளையாட்டாகக் கேட்டார். தொண்டை சரியில்லை என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. அந்த விஷயத்தில் அவர் நல்ல மனிதர்.

யுத்தத்தை நிறுத்திச் சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள், நானுஓயா பஸ்ஸில் கிளாக்கருடைய மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இப்போது நுவரெலியாவில் டீச்சர். பிள்ளைகளைப் பற்றி, காய்கறி விலையைப் பற்றிப் பேசிவிட்டு, சேரைப் பற்றிய பேச்சு வந்தது. நான் பட்டதெல்லாம் உன் வீட்டில் உன்னை விடாததால்தான் என்று சும்மா ஒரு வார்த்தை சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்கு யாருமே வரலையே. பாதர் வந்து கேட்டிருந்தா அப்பாவே என்னைக் கூட்டிட்டுப் போயிருப்பாரு. எனக்கு சேரை ரொம்பப் புடிக்கும்."

பாதர் அப்போது கண்டியில், வயதான குருமார் தங்குகிற இல்லத்தில் இருந்தார். நீரிழிவில் ஒரு காலை எடுத்திருந்தார்கள். நான் கணவரிடம் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். என்னைக் கண்டதும் அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது, சந்தோஷப்பட்டார். ஜெருசலேமில் தன்னோடு படித்த ஒரு நண்பருக்கு அந்தப் புலம்பலைப் போட்டுக் காட்ட ஆசை, உனக்கு ஞாபகம் இருந்தால் பாடிப் பதிந்து கொடு என்று கேட்டார். நான் கொண்டுபோன தோடம்பழங்களை மேசையில் வைத்துவிட்டு, கிளாக்கர் வீட்டுக்கு நீங்கள் போனீர்களா பாதர் என்று கேட்டேன்.

அவர் மறுக்கவில்லை. கட்டிலில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எப்பிடியம்மா போறது? பொலிஸுக்குப் போனா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். அது கல்யாணத்துக்கு நிக்கிற பிள்ளை. அதுக்கு ஒரு பேர் இருக்கு."

"எனக்கும் அப்ப கல்யாணம் பேசிக்கிட்டுதான் இருந்தாங்க, பாதர்."

"அது எனக்குத் தெரியாதும்மா," என்றார். பொய் சொல்லவில்லை. அவர் கேட்டிருக்கவே இல்லை. லயத்துப் பிள்ளைக்கு அப்படி ஒன்று இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

ஒரு சிஸ்டர் வந்து அவருக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போனாள். பிறகு அவர் மெதுவாக, கோபமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பதிந்து தருவாயா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். கடைசி ஹட்டன் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் எழுந்து வெளியே வந்து, மணிக்கூட்டுக் கோபுரத்தடி வரைக்கும் நடந்துபோய், கூட்டத்தோடு கூட்டமாகப் பஸ் வரிசையில் நின்றேன்.